பாம்பன் கருவாட்டுக்கடை மாமாவை உங்களுக்கும் தெரியுமா?

பரமக்குடிக் கடைக்காரன்

பாம்பனில் கருவாடு வாங்கியவர்கள், விற்றவர்கள், அந்தப் பக்கம் லோடு ஏற்றியவர்கள் எல்லாரும் கொஞ்சம் இங்கே வாருங்கள். "மாமா கடை" என்று சொன்னாலே உங்களில் பலருக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். முட்டிவலி அதிகமாகிப் போனதால் போன மாதம் கடைச் சாவியை மூத்த மகள் கையில் கொடுத்துவிட்டார். விழா எடுக்கலாமா என்று கேட்டோம். வேண்டவே வேண்டாம், பேரும் எங்கேயும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, பேர் இல்லாமலே எழுதுவோம். அவரோடு பழகியவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். நான் முதலில் எழுதுகிறேன்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவருடைய கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், வேலைக்குச் சேர்ந்தவன் நான். அதிகாலையில் நாங்கள் போகும்போது மாமா ஏற்கெனவே கரையில் நின்றுகொண்டிருப்பார். பாம்பனுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடிக்காற்றில் அப்படியே தலைகீழ். அன்றைக்கு எந்தக் கரையில் நல்ல மீன் இறங்கும் என்பதைக் காற்றை முகத்தில் வாங்கியே சொல்லிவிடுவார். அப்புறம் துறைமுக அலுவலகத்துப் பக்கம் ஒரு நடை. புயல் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் மீனைக் காயப்போடச் சொல்வார்.

சீலா, பாறை, கட்டா மாதிரி பெரிய மீன்களைக் கீறி, குடல் செவுள் எடுத்து, கழுவி, வாலிநோக்கத்து உப்பை உள்ளேயும் வெளியேயும் அப்பித் தொட்டியில் அடுக்குவோம். ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு. உப்பு ஏறிய பிறகு எடுத்து அலசி வெயிலில் போட வேண்டும். நெத்திலிக்கு இந்தப் பாடு இல்லை. கழுவி விரித்தால் நல்ல வெயிலில் இரண்டே நாளில் கலகலவென்று ஆகிவிடும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் மணலிலேயே விரிப்பார்கள். மாமா கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல்தான் போடுவார். "மேல வெயில் காயவைக்கும், கீழ காத்து காயவைக்கும், மண்ணும் ஒட்டாது" என்பார். வலை கட்டச் செலவு, ஆள் செலவு எல்லாம் கூடுதல்தான். மூன்று நாலு கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு தேறும். அதில் மண் கலந்தால் எடை கூடும், காசும் கூடும். அந்தக் காசு அவருக்கு வேண்டாம்.

எடை போடும் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. தராசுக்குப் பக்கத்தில் ஒரு பனம்பலகை கிடக்கும். ஒவ்வொரு சீலாவையும் வாலைப் பிடித்து அந்தப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியிருக்கும் உப்புக்கல் எல்லாம் உதிர்ந்த பிறகுதான் தட்டில் வைக்க வேண்டும். சாயந்திரம் பலகையின் கீழே உப்பு குவிந்து கிடக்கும். அவ்வளவும் சீலா விலைக்குப் போயிருக்க வேண்டிய எடை! "உப்பு வித்துப் பிழைக்கணும்னா நான் வாலிநோக்கத்துல உப்பளம் எடுத்திருப்பேனே, இங்க எதுக்குடா மீன் நாத்தத்துல நிக்கிறேன்?" என்று கேட்பார். அவருடைய சிப்பத்தை, அதாவது கட்டிய கருவாட்டு மூட்டையை, மதுரை வியாபாரிகள் பிரித்துப் பார்க்காமலே வாங்கியதற்கு அந்தப் பலகைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்றைக்கு என் கடையிலும் ஒரு பலகை கிடக்கிறது.

அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். அவருடைய அப்பா தலைமன்னார் கப்பலுக்குச் சுமை தூக்கியவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது குடும்பம் ஒரு துக்க வீட்டுக்காகப் பாம்பன் வந்திருந்தது, அதனால் தப்பித்தார்கள். மாமாவுக்கு அப்போது ஆறு வயது. ஊரும் போய்விட்டது, பிழைப்பும் போய்விட்டது. இதற்கு மேல் இதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. வாலிப வயதில் ஓலைப் பெட்டியில் கருவாட்டைக் கட்டிக்கொண்டு ரயிலில் பாலம் தாண்டி, மண்டபத்தில் சைக்கிள் எடுத்து, உச்சிப்புளி, பெருங்குளம் என்று ஊர் ஊராக மிதித்திருக்கிறார். அன்றைக்குத் தீவை விட்டு வண்டியில் வெளியே வர வழியே கிடையாது. 1988 அக்டோபர் 2-ல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் வாடகை வேன் பிடித்து மதுரை வரைக்கும் சரக்கு அனுப்பினார். கல்யாணமும் அந்த வருஷம்தான்.

அடுத்தவர்கள் எழுதுங்கள்.

உச்சிப்புளி லாரி

நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கருவாட்டு லோடு என்றாலே பல டிரைவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். வண்டியில் வாடை ஏறிவிட்டால் அடுத்த லோடு கிடைக்காது என்ற பயம். அண்ணன் அதைப் புரிந்துகொண்டவர். லோடு இறக்கிய பிறகு வண்டி கழுவுவதற்கென்று வாடகையில் தனியாகக் காசு சேர்த்துக் கொடுப்பார். நான் பார்த்த வியாபாரிகளில் அதை யோசித்துக் கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான்.

எனக்கு மறக்காதது 2024 நவம்பர் 20. ராமேஸ்வரம் தீவில் மேகவெடிப்பாய்க் கொட்டித் தீர்த்த நாள். மறுநாள் நான் போனபோது கிட்டங்கிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். உப்பு மூட்டை எல்லாம் கரைந்துபோய் வெறும் சாக்கு கிடக்கிறது. கீழ்வரிசைச் சிப்பங்கள் ஊறிவிட்டன. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சிப்பமாக மோந்து பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு தரகர் வந்தார். ஊறியதை மறுபடி உப்பில் போட்டுக் காயவைத்தால் தூரத்துச் சந்தையில் தள்ளிவிடலாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல விலைதான் சொன்னார். அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிள்ளைக்குட்டி சாப்பிடுற சாமான்ய்யா, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். கெட்டதென்று ஒதுக்கி வைத்தது அத்தனையையும் என் வண்டியில் ஏற்றி உச்சிப்புளித் தென்னந்தோப்புகளுக்கு உரமாகப் போட்டுவிட்டோம். அதில் எத்தனை ஆயிரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏற்றியவன் நான்தானே. வாடகை அப்புறம் தாங்கண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கையில் திணித்துவிட்டுத்தான் போனார்.

தங்கச்சிமடம் பொண்ணு

எங்கள் அம்மா கருவாட்டுப் பெட்டி சுமந்து எங்களை வளர்த்தவர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், சட்டம் நியாயமானதுதான். ஆனால் கூலிக்காரன் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, பிறகு 8,000 ஆனது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? தடை முடிகிற ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். நோட்டு, சீருடை, பஸ் செலவு எல்லாம் ஒன்றாய் வந்து நிற்கும்.

அந்த மாதங்களில் நாட்டுப்படகு மட்டும் ஓடும் என்பதால் பச்சை மீன் விலை ஏறிப்போய், ஜனங்கள் கருவாட்டைத் தேடுவார்கள். மற்ற கடைகளில் அம்மா மாதிரி பெண்களுக்குக் காலையில் காசு வைத்தால்தான் சரக்கு. மாமா கடையில் காலையில் பெட்டியை நிரப்பிக்கொண்டு போய், சாயந்திரம் விற்றதற்குக் காசு கொடுத்தால் போதும். விற்காததைத் திருப்பியும் எடுத்துக்கொள்வார். அம்மா தடைக்காலத்தில்தான் அதிகம் சம்பாதித்தார் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. கருவாட்டுப் பெட்டியோடு ஏறினால் சில கண்டக்டர்கள் இறக்கிவிட்டுவிடுவார்கள். அம்மா ஒருநாள் நடுவழியில் வெயிலில் பெட்டியோடு இறங்கி நின்றதாகக் கடையில் அழுதிருக்கிறார். அடுத்த வாரம் முதல் மாமாவின் வேன் காலை ஆறரைக்குக் கடை முன்னால் நின்றது. ஏழெட்டுப் பெண்கள், அவர்களுடைய பெட்டிகள். மண்டபம் தாண்டி ஊர் ஊராய் இறக்கிவிட்டு, மத்தியானம் அதே வழியில் ஏற்றிக்கொண்டு வரும். டீசலுக்குக் காசு கொடுக்கப் போனால் "மத்தியானம் காலி வண்டியாத்தானே ஆத்தா திரும்புது" என்பார். காலையில் அதே வண்டிக்காக அவர் முன்கூட்டியே எழுந்து சரக்கு பிரிக்க வேண்டியிருந்ததை மட்டும் சொல்ல மாட்டார். நான் இன்றைக்கு நர்ஸாக இருக்கிறேன். அம்மாவின் பெட்டிக்கும் அந்த வேனுக்கும் அதில் பங்கு உண்டு.

நாட்டுப்படகுக்காரர் மகன்

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன், மாமா கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாமா எங்கள் அப்பாவுக்கு வலை வாங்க முன்பணம் கொடுத்தவர். இந்தக் கரையில் முன்பணம் வாங்கினால் மீனைக் கொடுத்தவரிடம்தான் போட வேண்டும். வெளியே ஏலத்தில் கூடுதலாகப் போகிற நாளிலும் அவர் விலைதான். மாமாவும் இந்த வழக்கத்தை மாற்றவில்லை. அவர் வைத்த விலை மற்றவர்களைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். நெத்திலி மலிந்த நாளில் ஒரு கூடைக்கு அப்பாவும் அவரும் மல்லுக்கு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வியாபாரத்தில் இளகிய மனசுக்காரர் என்று அவரை யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கறார்தான்.

ஆனால் கணக்கு விஷயத்தில் அவரைப் போல ஒருவரை நான் பார்க்கவில்லை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா இரண்டு நோட்டுப் போட்டார். ஒன்று கடையில், ஒன்று எங்கள் வீட்டில். சனிக்கிழமை சாயந்திரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "டேய் மாப்ள, வாசிடா" என்று என்னை வாசிக்கச் சொல்வார். நான் வாசித்து, கூட்டி, இரண்டும் ஒத்துப்போனால்தான் அப்பா கைநாட்டு வைக்க வேண்டும். மூன்றாவது படிக்கிற பையன் நான், விரல் விட்டு எண்ணிக் கூட்டி முடிக்கிற வரைக்கும் கடையில் அத்தனை கூட்டத்தையும் நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு தடவை கடைக் கணக்கில் எண்பது ரூபாய் கூடுதலாக இருந்ததை நான் கண்டுபிடித்தேன். "அப்ப உங்க நோட்டுதான் சரி" என்று சொல்லித் தன்னுடையதை அடித்துத் திருத்தினார். அந்தக் கடன் தீர்ந்த அன்றைக்கு எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாக்கி இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வட்டி என்று ஒரு வரி அதில் கிடையாது. நோட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

முன்பண முறை மாற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்குள் இருந்துகொண்டே ஒரு மனிதன் இவ்வளவு நேர்மையாக இருந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராமநாதபுரம் டீச்சர்

அவருடைய சின்ன மகள் என் வகுப்பில் படித்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு வேலை நாளில் வருகிற அப்பாக்கள் ரொம்பக் குறைவு, அவர் தவறாமல் வருவார். வெள்ளைச் சட்டை, ஈரம் காயாத தலை. படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று நான் எழுதியிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கருவாட்டு வியாபாரம்னு எழுதுங்க டீச்சர், அவ அப்படித்தான் சொல்லணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திருத்தி எழுதுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மூத்த மகள்

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்கக் கண் கலங்குகிறது. வீட்டுக்குள் இருந்த அப்பாவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

டீச்சர் பார்த்த ஈரத்தலைக்கு ஒரு கதை உண்டு. நான் ஆறாவது படித்தபோது, பக்கத்தில் உட்கார மாட்டேன், கருவாட்டு வாடை வருகிறது என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை, தங்கை போட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கிட்டங்கிக்குப் பின்னால் கிணற்றடியில் தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டினார். அதற்குப் பிறகு கடை உடுப்பு வீட்டுக்கு வந்ததே இல்லை. புளியைக் கரைத்து விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, சிகைக்காய் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவார். எங்கள் துணி காய்கிற கொடிக்குப் பக்கத்தில்கூடச் சாக்கு வைக்க விடமாட்டார். அதே மனிதர்தான் பள்ளிக்கூடத்தில் கருவாட்டு வியாபாரம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தங்கை சொல்லவே இல்லை.

அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து மதுரையில் படுத்திருந்த மாதங்கள் அப்பாவுக்குப் பெரிய சோதனை. ராத்திரி லோடு வண்டியில் அவரும் ஏறிக்கொள்வார். விடியற்காலையில் மதுரையில் சரக்கை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மாவுக்குப் பல் தேய்த்துவிட்டு, கஞ்சி கொடுத்து, மத்தியானம் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் பிடித்து ஊர் வந்து மறுபடி கடையைத் திறப்பார். எப்போது தூங்கினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஊரில் இருக்கிற நாட்களில் காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் ரெட்டைச் சடை அவர்தான் போடுவார். சடை கோணலாகத்தான் வரும். ஆனால் ரிப்பனில் வலை முடிச்சுப் போட்டுவிடுவார், சாயந்திரம் வரைக்கும் அசையாது. பாட்டி அதை அவிழ்க்க முடியாமல் திணறுவார். தம்பிக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்டிக்கொண்டே எனக்கு வாய்ப்பாடு கேட்பார். சமையலும் அப்போது கற்றுக்கொண்டதுதான். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு அவர் வைக்கிற நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை இன்றும் அம்மாவே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

கல்லூரி முடித்துவிட்டு நான் கடைக்கு வருகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாம் அப்பாவைத்தான் திட்டினார்கள். பெண் பிள்ளை கருவாட்டுக் கடையில் உட்காருவதா என்று பெரியப்பா வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அப்பா கேட்டது ஒரே கேள்வி, அதுவும் என்னிடம்: "நாலு மணிக்கு எந்திரிப்பியா?" எழுந்திருப்பேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

நாட்டுப்படகு அண்ணன் எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியது உண்மை. முன்பணம் வாங்கியவர்களுக்கும் இனி அன்றைய ஏல விலைதான் என்று இந்த மாதத்திலிருந்து மாற்றியிருக்கிறேன். முன்பணத்தைத் தனியாக மாதத் தவணையாகக் கழித்துக்கொள்கிறோம். அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "கடல் பொய்ச்ச மாசம் தவணை எப்படிம்மா கட்டுவான்?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி. மீன் கிடைக்காத மாதம் தவணை தள்ளிப்போகும் என்று எழுதிய பிறகுதான் தலையாட்டினார். இரண்டு நோட்டு வழக்கம் அப்படியே இருக்கிறது. வேனும் ஓடுகிறது.

தம்பி துபாயிலிருந்து ஏசி போட்ட அறை கட்டிக் கொடுக்கிறேன், வீட்டில் ஓய்வாக இருங்கள் என்கிறான். அப்பா காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தராசுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கடைக்கு வரலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: தாராளமாக வாருங்கள். பாம்பனில் இறங்கி மாமா கடை என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இப்போது மழைக்காலம் என்பதால் சீலாவும் பாறையும் சரியாகக் காயாது, அதை வாங்க வேண்டாம். புரட்டாசி வெயிலில் காய்ந்த நெத்திலி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எடுத்து ஒடித்துப் பாருங்கள், சடக்கென்று ஒடிய வேண்டும், வயிறு உடைந்திருக்கக் கூடாது. வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு எடுத்துத் தருகிறேன்.